ஒன்பதாவது சரணம்

“ஆறாவது சரணத்த ஒழுங்கா பாடாம ஒருத்தியும் சாப்பிடப் போக முடியாது.”

சூப்பர்வைசர் சாப்பாட்டு அறைக் கதவை மறித்து நின்றாள். அவளுக்குக் ‘கத்திரி’ என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் துணி வெட்டும் கத்திரியை நினைத்து வைக்கவில்லை. அவள் வாயை நினைத்துத்தான் வைத்தார்கள்.

வருடத்தின் கடைசி நாளில் அந்தச் சட்டைத் தொழிற்சாலையில் எல்லாரும் வட்டமாக நின்று, கைகோத்து, பிரிந்துபோன நண்பர்களைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். முதல் சரணத்தோடு எல்லாருக்கும் சரக்கு தீர்ந்துவிடும். மேற்கொண்டு முனகிச் சமாளிப்பார்கள். இந்த வருடம் கத்திரி, பாட்டுக்கு ஒன்பது சரணம் என்று சொல்லி, அத்தனையையும் மனப்பாடம் செய்யவைத்து உயிரை வாங்கினாள்.

“‘நூலறுந்த ஊசி போலத் தனியானோமே தோழா.’ இத எழுதினவன் டெய்லரா இருப்பானோ?” என்றாள் காலர் தைக்கும் புதுப்பெண்.

“நீ தைக்கிற காலர் மாதிரியே வாயும் கோணல். பாடு.”

“பாடி என்ன ஆகப்போகுது? சாயந்தரம் என்னை வெளிய தள்ளத்தானே போறீங்க.”

கத்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அழுகைய அப்புறம் வச்சுக்க. ஆறாவது சரணம்.”

புதுப்பெண்ணின் பயத்துக்குக் காரணம் இருந்தது. வருடக் கடைசிச் சங்கு ஊதும்வரை வேலையில் இருந்துவிட்டால், புதிதாகச் சேர்ந்தவர்கள் நிரந்தரம். அதனால் மேனேஜர் ஒவ்வொரு வருடமும் பாட்டு முடிந்த கையோடு, சங்குக்கு முன்பாகவே அவர்களைத் தனியே கூப்பிட்டு, “நாளையிலேர்ந்து வர வேணாம்” என்று சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் சொன்னால் கடைசி நாள் வேலை கெட்டுவிடும் அல்லவா?

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கத்திரி தன்னைப் பற்றி மேனேஜரிடம் நன்றாகப் போட்டுக்கொடுத்திருப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மாலையில் மெஷின்கள் நின்றன, வட்டம் கூடியது. பாட்டுக்காகவே வருடத்தில் ஒருமுறை வரும் வயதான முதலாளியும் வந்து நின்றார். மேனேஜரின் ஒரு கையைக் கத்திரி பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையைப் பிடிக்க, இஸ்திரி போடும் தடியரை அனுப்பினாள்.

“காக்கா பிடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாம்?” என்று புதுப்பெண் பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தாள்.

நான்காவது சரணத்தில் மேனேஜர் கையை உருவப் பார்த்தார். “போதும்மா. எனக்கு வேலை இருக்கு.”

“பாட்டு முடியிறதுக்குள்ள கைய விடக் கூடாது சார். முதலாளி பார்த்துட்டு இருக்காரு.”

முதலாளி எதையும் பார்க்கவில்லை. கண்களை மூடி ஆடிக்கொண்டிருந்தார். ஊசியும் நூலும் வந்த சரணத்தில் அவர் கன்னம் நனைந்துவிட்டது.

“இதை எங்கம்மா பாடிக் கேட்டிருக்கேன்,” என்றார் தழுதழுத்த குரலில். “இன்னொரு தடவ பாடுங்க.”

பாடினார்கள். மேனேஜரின் முகம் சுண்டிப்போனது. வட்டத்துக்கு எதிர்ப்புறம் நின்ற புதுப்பெண்ணை அவர் முறைத்த முறைப்பில், பாட்டு முடிந்ததும் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஒன்பதாவது சரணத்தின் பாதியில் சங்கு ஊதியது.

கைகள் பிரிந்தன. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். மேனேஜர் சிவந்துபோன விரல்களை நீவிவிட்டார். “அடுத்த வருஷம் இந்த இழவுப் பாட்டே கிடையாது,” என்று கத்திரியிடம் பல்லைக் கடித்துவிட்டுப் போனார்.

தன்னை யாரும் தனியே கூப்பிடவில்லை என்பது புதுப்பெண்ணுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும், மனதில் தேங்கியிருந்த கோபமெல்லாம் காலுக்கு வந்தது. நேராகக் கத்திரியின் முன்னால் போய் நின்றாள்.

“என்னைத் துரத்த என்னென்னமோ பண்ணீங்க. நடக்கலல்ல? நாளைக்கும் வருவேன். இனிமே தினமும் வந்து உங்க கண்ணு முன்னாடியே நிப்பேன்.”

“வா. கோணல் காலரப் பிரிச்சுத் தைக்க ஆள் வேணும்.”

“உங்களுக்கு என்ன நன்றியா சொல்ல முடியும்? பாட்ட இவ்வளவு நீளமா எழுதி வச்சானே ஒரு புண்ணியவான், அவனைத்தான் கும்பிடணும்.”

கத்திரி கழுத்தில் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டி மேசை மேல் வைத்தாள்.

“அவன் எழுதினது ரெண்டே சரணம்தான்டி.”