வெய்ன் தூக்கிய கை

"நாட்டுல பாதிப் பேருக்குக் கண்ணே இல்லப்பா!" மேசையில் ஓங்கித் தட்டினார் நார்மன்.

இங்கிலாந்தில், எங்கள் தார்ன்பி ஊர்த் தொழிலாளர் கிளப்பில் கோடைத் திருவிழாக் கமிட்டி கூடியிருந்தது. நானும் அதில் உண்டு. நார்மன்தான் செயலாளர். ஆனால் திருவிழாவைப் பற்றி இன்னும் யாரும் வாயே திறக்கவில்லை. எல்லாம் டி.வி. பேச்சுதான்.

முன்பின் தெரியாதவர்களை ஒரு தீவில் விட்டுப் படம் பிடிக்கிற நிகழ்ச்சி அது. அதில் ஊர்க்காரன் வெய்ன் கடைசிச் சுற்றுவரை போய், மக்கள் ஓட்டில் தோற்றுத் திரும்பியிருந்தான். அந்த ஆத்திரம் ஊருக்கு இன்னும் அடங்கவில்லை.

ஜெயித்தது ஜோலியன். மாளிகை வீட்டுப் பிள்ளை. பீன்ஸைக் கருக்கிவிட்டு, முடியைக் கோதிக்கொண்டே, "ஐயோ, நான் ஒரு மடையன்!" என்று சிரிப்பான். நாடே உருகும்.

கருகிய சட்டியைத் தேய்த்தது வெய்ன். சாக்கடை அடைப்பு எடுப்பது அவன் தொழில். கேமராவைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிடுமூஞ்சி என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

"வேலை செஞ்சவன் சிடுமூஞ்சி, வெட்டியா உக்காந்திருந்தவன் செல்லம்!" என்றாள் பாரைக் கவனிக்கும் பிரெண்டா. "எல்லாம் லண்டன்காரங்க ஓட்டு. அவங்களுக்கு நம்மளைக் கண்டாலே ஆகாது."

ஓரமாக உட்கார்ந்திருந்த வெய்ன் காதைச் சொறிந்துகொண்டான்.

ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார்கள். வருஷாவருஷம் ஊர்ப் பெண் ஒருத்தியைத் திருவிழா ராணியாக்குவார்கள்; இந்த வருஷம் வெய்னின் மகள் பெத். விழாவைத் திறந்துவைக்க வரும் விருந்தாளிதான் ராணிக்குக் கிரீடம் சூட்டுவது வழக்கம். இந்த முறை அது வெய்ன்தான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி ட்ரேசி புதுக் கோட்டே வாங்கிவிட்டாள். மேடையில் பேச வேண்டிய நாலு வரியை அவன் வேன் ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நார்மன் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன சமாசாரம். சும்மா கேட்டுத்தான் பாப்போமேன்னு ஜோலியனோட ஆளுங்களுக்குப் போன் போட்டேன். வரேன்னுட்டாரு."

பிரெண்டாவின் கை தானாகத் தலைமுடிக்குப் போனது. "நெஜமாவா? இங்கயா?"

"வெய்ன் நம்ம ஆளு. இல்லேன்னு யாரு சொன்னா?" என்று இழுத்தார் பேக்கரிக்கார ஸ்டான். "ஆனா தெனம் பாக்கிற மூஞ்சி. கூட்டம் வரணும்ல?"

"மைக்கைப் பிடிச்சா அவனுக்குப் பேச்சு வேற வராது" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

வெய்ன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"கை தூக்கிருவோம்" என்றார் நார்மன். "ஜோலியன் வரட்டும்கிறவங்க?"

ஒரு கையும் எழவில்லை. ஆளாளுக்குத் தங்கள் பீர் கிளாஸுக்குள் எதையோ தேடினார்கள். நார்மனே கூரையைப் பார்த்தார்.

அப்போது ஒரு கை மெல்ல உயர்ந்தது. வெய்னுடைய கை.

அவ்வளவுதான், மடமடவென்று எல்லாக் கைகளும் மேலே போயின. ட்ரேசியின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"தங்கமான பயடா நீ!" வெய்னின் முதுகில் தட்டினார் நார்மன். "உன்கிட்ட வேன் இருக்குல்ல? ஸ்டேஷன்லேருந்து அவரைக் கூட்டிட்டு வந்திரு. அதுக்கு முன்னாடி வேனை உள்ள நல்லாக் கழுவிடு, நாத்தம் அடிக்கும்."

வெய்ன் தலையாட்டினான்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. நான் அவர்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். ட்ரேசி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சூடு சொரணை இருக்கா உனக்கு? டி.வி.யில அவனுக்குச் சட்டி கழுவினே. இப்ப உன் பொண்ணு தலையில அவன் கிரீடம் வைக்க நீயே மொதல்ல கை தூக்கறே. அந்தப் புள்ள மொகத்தை நான் எப்படிப் பாப்பேன்? எதுக்குய்யா தூக்கினே?"

வெய்னின் கண்கள் சிவந்திருந்தன. பேச்சு வர வழக்கம்போல நேரமானது.

"எல்லாருக்கும் அவன்தான் வேணும், ட்ரேசி. என் மூஞ்சிக்கு நேரா கையைத் தூக்க முடியாம தவிச்சுக்கிட்டிருந்தாங்க. நம்ம ஜனங்கதானே... பாவமா இருந்துச்சு."