சீட்டுக்கு அடியில் இருந்த ஜாக்கி

பதினெட்டு வருஷம் பாரம் இழுத்த பிக்கப் வண்டி அது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம்.

"கியர்பாக்ஸ்தான்! அதுக்கு வயசாயிடுச்சு!" என்று சீட்டுக்கு அடியிலிருந்து, வண்டியைத் தூக்கும் ஜாக்கி கத்தியது.

கியர்பாக்ஸுக்கு உதறல் எடுத்தது. தன்னை மாற்றும் செலவுக்கு இந்த வண்டியையே விற்றாலும் காணாது. நேரே காயலான் கடைதான்.

மெக்கானிக் செல்லக்கண்ணு வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸைத் தட்டினார், ஆட்டினார், ஆயிலைத் தொட்டு முகர்ந்தார். அதில் கோளாறு எதுவும் தெரியாமல் எழுந்துபோய் சீட்டைத் தூக்கியவர், சிரித்துவிட்டார். உருண்டு கிடந்த ஜாக்கியைச் சாக்கில் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

அடுத்த பள்ளத்தில் சத்தமே இல்லை.

"அப்பாடா!" என்றது கியர்பாக்ஸ்.

சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது: "பார்த்தியா? நான் சொன்னதாலதான் உனக்கு வைத்தியம் பார்த்தாங்க!"