மதகுச் சாவி

"அரை மணி நேரம் திறந்து விடு. பயிரு தொண்டை வறண்டு நிக்குது, உனக்குக் கண்ணு இல்லையா?"

ஏரித் தண்ணீரைப் பங்கிட ஊர் அமர்த்தியிருந்த மதகுக்காரி, இடுப்பில் செருகிய சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கண்ணு இருக்கறதாலதான் திறக்கல. கடைமடை நனையாம தலைமடைக்குத் தண்ணி கிடையாது."

கேட்ட விவசாயியின் காலடியில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கதிர் பிடிக்கும் நேரம். இன்று நனையாவிட்டால் அத்தனையும் பதர்தான். ஓரடி தள்ளி, கால்வாய்த் தண்ணீர் அவரை ஏறெடுத்தும் பாராமல் கால்வாயின் கோடியிலிருந்த கடைமடை வயல்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுவே ஒரு சின்ன மதகு, ஒரு பூட்டு.

பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. 'அந்த ஊரில் தண்ணீர்ச் சண்டையே கிடையாதாம், எப்படியென்று பார்த்து வா' என்று பாசனத் திட்ட அலுவலகத்தில் அவளை அனுப்பியிருந்தார்கள். வந்து இறங்கியதும் சண்டை!

"உன்னைப் பெத்தவ பால் குடுத்து வளர்த்தாளா, சுண்ணாம்பைக் கரைச்சுக் குடுத்தாளா?"

"எங்கம்மாவை இழுத்தா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்."

"மேடம், நீங்களாவது சொல்லுங்க!"

"கொஞ்சம் விடலாமேம்மா. ஊர்ல நான் பேசிக்கறேன்."

"நீங்க பேசிட்டு வண்டி ஏறிடுவீங்க மேடம். நான் நாளைக்கும் கடைமடைக்காரங்க மூஞ்சியில முழிக்கணுமே."

விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டார். "கல்லுகிட்ட கெஞ்சியிருந்தா அதாவது கசிஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தபடி வரப்போடு நடந்தார். அவர் வளைவில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, மதகுக்காரி பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

அதிகாரிக்குக் கோபம் அடங்கவில்லை. "உங்க வயல் கடைமடையில இருக்கு போல. அதான் இவ்வளவு கறார்."

மதகுக்காரி சிரித்துவிட்டாள். "கடைமடைக்காரங்க கையில சாவி குடுக்கற வழக்கமே இங்க இல்ல மேடம். எந்த வயல் ஏரிக்கு முதல்ல இருக்கோ, அந்த வீட்டுக்குத்தான் குடுப்பாங்க. அந்த வயலே காயுதுன்னா, அப்புறம் யாரு யாரைச் சந்தேகப்படுவாங்க?"

வெடித்துக் கிடந்த வயலைக் கைகாட்டினாள்.

"அது எங்க வயல்தான். இப்ப முறுக்கிக்கிட்டுப் போனாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர்."