தாண்டிய முதல் பாடம்

தணிகைவேலின் கணினி விளையாட்டுக்குள் அவன் மனைவி நிறைமதியின் முகமும் குரலும் கொண்ட இன்னொருத்தி இருந்தாள். அவன் எதைச் சொன்னாலும் அவள் "சரிங்க" என்பாள். நிஜ நிறைமதியோடு அவன் பேசுவதையே நிறுத்தியிருந்தான்.

நிறைமதி ஒரு வாரம் பாட வீடியோக்களைப் பார்த்து, விளையாட்டின் கோப்புகளை மாற்றக் கற்றாள். "சரிங்க"வை அழித்துவிட்டு அந்த இடத்தில் "முடியாது" என்று தன் குரலைப் பதிவு செய்தாள்.

மாலையில் அவன் ஹெட்செட்டைக் கழற்றி வீசினான்.

"அவளை என்னடி பண்ணின?"

"ஒரு வார்த்தைதான் மாத்தினேன்."

"பழைய ஃபைல் எங்க?"

"முதல்ல காப்பி எடுத்து வைக்கணுமாம். அந்தப் பாடத்தை மட்டும் தாண்டிட்டேன்."

அவன் மைக்கை அவள் வாயருகே நீட்டினான். "சரிங்கன்னு சொல்லு. திரும்ப ஏத்திக்கிறேன்."

அவள் மைக்கை அவன் பக்கமே திருப்பினாள்.

"சொல்லுடி."

"முடியாது" என்று திரையிலிருந்து பதில் வந்தது.