துணைக்கு ஒருத்தி

"போனைப் பைக்குள்ள வைங்க ராசா. இப்படியா கையில நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

விமான நிலையத்து டாக்ஸிக்காரரும் இதையேதான் சொன்னார். மெட்ரோ ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணியும் சொன்னாள். இப்போது, மாங்காய்க் கீற்றில் உப்புத் தூவி விற்கும் நூபியா. எவாரிஸ்டோவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

மெடெயின் நகரம் இப்போது முன்பு போல இல்லை, தைரியமாக நடக்கலாம் என்று எல்லோரும் பெருமையடித்தார்கள். சொன்ன கையோடு பயமுறுத்தவும் செய்தார்கள். மனிதன் எதைத்தான் நம்புவது?

"ஒர்தென்சியா வீட்டுக்கு வழி மட்டும் சொல்லுங்கம்மா. நானே போய்க்கிறேன்."

பனாமாவிலிருந்து அவர் வந்ததே அவளுக்காகத்தான். போன் செய்தால் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாள். நேரில், தனியாக, ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். உள்ளே விட்டால் இருப்பது; விடாவிட்டால் ராத்திரி விமானத்தில் திரும்பிவிடுவது. ஆனால் விலாசத்தில் இருந்த படிக்கட்டைக் காணோம். அந்த இடத்தில் மலைச்சரிவில் ஏறும் மின்படிக்கட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வழி கேட்டவருக்குக் கையை மட்டும் காட்டி அனுப்புவது இந்த மலைக்காரர்களுக்கு மரியாதைக் குறைவு. நூபியா மாங்காய் வண்டியைப் பக்கத்துக் கடைக்காரனிடம் விட்டாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"நீங்க வேலையைப் பாருங்கம்மா."

"வெளியூர்க்காரரைத் தனியா விட்டா, நாளைக்கு எங்க பேட்டைக்குத்தானே கெட்ட பேரு?"

வழியெல்லாம் வாய் ஓயவில்லை. அந்தக் காலத்தில் போலீஸே இந்தப் பக்கம் வராதாம். அவள் குடிவந்தே ஆறேழு வருஷம்தான். ஆனாலும் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள் போல அளந்தாள். நடுவில் அவருடைய புதுச் சட்டையையும் தொப்பியையும் பார்த்து, பழைய காதலா என்று வேறு விசாரித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

எதிரில் வந்தவர்களிடமெல்லாம் அவரை அறிமுகப்படுத்தினாள். பாவம், ரொம்பப் பயந்த சுபாவமாம்.

"நான் ஒண்ணும் பயப்படலை."

"பயந்தவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

வீட்டு வாசலில் நின்று, இனியாவது போய்விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். அந்தம்மா முன்பின் தெரியாத ஆளுக்குக் கதவைத் திறக்கவே மாட்டாள் என்று சொல்லிவிட்டு, நூபியாவே தட்டினாள்.

"ஒர்தென்சியாம்மா, உங்களைத் தேடி ஒருத்தர் வந்திருக்கார். நம்ம தெருவுல நடக்கவே பயப்படறார். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. நரைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. எவாரிஸ்டோ தொப்பியைக் கழற்றினார். அவரையும், அவர் முழங்கையைப் பிடித்திருந்த நூபியாவையும் ஒர்தென்சியா மாறி மாறிப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சங்கிலியை எடுத்தாள்.

"உள்ள வாடா தம்பி" என்றவள், நூபியா பக்கம் திரும்பினாள். "அந்தக் காலத்துல பொழுது சாயறதுக்குள்ள இந்தத் தெருவே கதவைச் சாத்திக்கிட்டது யாருக்குப் பயந்துன்னு நினைக்கிறே? இவனுக்குத்தான்."