அடுப்பு வேலை

"மாப்பிள்ளை, நாளையிலேருந்து அடுப்புப் பக்கம் வராதீங்க. பாக்கெட் போடுற இடத்துக்குப் போயிடுங்க."

பேக்கரியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார் மாஸ்டர். வெளியாள் சொல்லியிருந்தால்கூட அடுப்பில் நின்றிருந்த அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். சொன்னவர் அவன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன்.

"ஏன் மச்சான், என்ன தப்பு பண்ணேன்?"

"பன்னு அடி கருகுது."

தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துத் திருப்பினான். அடி பொன்னிறமாக இருந்தது.

"எங்க கருகியிருக்கு? நீங்களே பாருங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அடுப்பை நானே பார்த்துக்கறேன்."

டீ நேரத்தில், மாவு பிசைகிறவர் அவன் பக்கம் திரும்பினார். "அடுப்பு போனா போகுது, விடுப்பா. கல்யாணமாகி நாலு வருஷமாச்சே, வீட்டுல விசேஷம் ஏதாவது உண்டா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் குறுக்கே புகுந்தார்.

"என்னய்யா பெரிய விசேஷம்? இருக்கிற ஜனத்துக்கே பஸ்ல ஒத்தக்கால்ல நிக்க வேண்டியிருக்கு. இப்போ ஆம்பளைங்களுக்கு ஹார்மோன் குறைஞ்சுக்கிட்டே வருதாம், பேப்பர்ல போட்டிருக்கான். குறையட்டும், பூமி கொஞ்சம் மூச்சு விடும்!"

"அஞ்சு பெத்தவரு பேசுற பேச்சைப் பாரு!" என்றார் மாவு பிசைகிறவர். எல்லோரும் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவன் மட்டும் பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். போன வாரம் வந்த ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் குறைந்திருந்தது அவனுக்குத்தான். தனக்கும் மனைவிக்கும் தவிர யாருக்கும் அது தெரியாது என்று நினைத்திருந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தான். "உங்கண்ணன் இருக்கிற இடத்துல இனிமே நான் வேலை பார்க்கிறதா இல்லை!"

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"குழந்தை வேணும்னா சூட்டுல நிக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரில்ல? அடுப்பை விடுங்கன்னு நான் எத்தனை தடவை கெஞ்சினேன், கேட்டீங்களா? அதான் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."



"அப்படின்னா அவரு என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே? எல்லார் முன்னாடியும் எதுக்கு மானத்தை வாங்கணும்?"

"நானும் நேத்தே அதைத்தாங்க கேட்டேன். 'எனக்கு விஷயம் தெரியும்னு தெரிஞ்சா மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே கூசுவாரு. கோவம்னா ஆறிடும். என்னைத் திட்டிட்டுப் போகட்டும்'னுட்டாரு."