கீழே விழுந்தால் செல்லாது

"இன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும் அந்த மனுஷன்கிட்ட சொல்லிடப் போறேன். இனிமே வராதீங்கன்னு."

மேஜை மேல் கிடந்த துவைத்த துணிகளை அள்ளிக்கொண்டே மனைவி சிரித்தாள். "போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வாரம் வாய் வரல. இன்னைக்கு வரும்."

அவனுக்குக் கால் சென்டரில் வேலை. வாரம் முழுக்க யார் யாரோ போனில் திட்டுவார்கள். 'புரியுது சார்' என்று சொல்லிச் சொல்லி நாக்கே தேய்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஞாயிறு மாலை ஒன்றுதான்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, இல்லாத ஒரு ராஜ்யத்தில் வாழ்வதாகப் பாவித்து விளையாடுவார்கள். கதையை அவன் சொல்வான். மனைவி வில்வீராங்கனை. பக்கத்துத் தெரு நர்ஸ் அங்கே வைத்தியச்சி. மாடி வீட்டு செக்கர், கோட்டைக் காவலர். யார் என்ன செய்தாலும் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஊர், காடு, கள்ளன் எல்லாம் அவன் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் யோசித்து வைப்பது.

அப்படி யோசித்த கதையில்தான் செக்கர் வாராவாரம் ஓட்டை கண்டுபிடிப்பார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கியும் பரிசோதனையை விடவில்லை.

"தம்பி, இரும்புக் கவசத்தோட அவன் எப்படி ஆத்துல நீந்தினான்?"

"பகடை மேஜையை விட்டுக் கீழே விழுந்தா செல்லாது. விதின்னா விதி" என்பார் இன்னொரு வாரம்.

ஒருமுறை மனைவியின் பகடை கீழே விழுந்து இருபதைக் காட்டியது. மறுபடி உருட்ட வைத்தார். மூன்று விழுந்தது. அன்று முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த ஞாயிறு மற்றவர்கள் வந்து உட்கார்ந்த பிறகும் நர்ஸ் வரவில்லை. ஒருவழியாக வந்தவள், தோள்பையைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்னக்கா, டூட்டி இப்பதான் முடிஞ்சுதா?" என்றான் அவன்.

"ம்... ஒரு குழந்தை. எவ்வளவோ பாத்தோம். முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடு. நீ கதையைச் சொல்லு."

அவனுக்குத் திக்கென்றது. போன வாரம் கதை நின்ற இடம் அப்படி. படகுக்காரன் மகள் விஷக் காய்ச்சலில் கிடக்கிறாள். மருந்து கொடுத்தாகிவிட்டது. பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால் பிழைப்பாள் என்று எல்லோர் முன்னாலும் வேறு சொல்லித் தொலைத்திருந்தான்.

தன் முன்னே நிறுத்தியிருந்த மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடையை எடுத்துக்கொண்டான். "நானே உருட்டறேன்க்கா."

நர்ஸ் சோர்வாகச் சிரித்தாள். "அட்டைக்குப் பின்னாடி நீ உருட்டினா எல்லாருமே பிழைச்சுடறாங்க. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?"

அவன் அசடு வழிந்தான்.

"அதையேதான் நானும் சொல்லிட்டிருக்கேன்," என்றார் செக்கர். "அட்டையை எடுங்க தம்பி. நர்சம்மாவே எல்லார் கண்ணு முன்னாடியும் உருட்டட்டும்."

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்காவது இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? வேறு வழியில்லாமல் அட்டையை மடித்தான்.

நர்ஸ் பகடையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். "ஒண்ணாவது பிழைக்கட்டும்," என்றாள். வீசி உருட்டினாள்.

பகடை உருண்டு, செக்கர் பக்கமாக ஓடி, கீழே விழுந்தது.

செக்கர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தார். சற்று நேரம் குனிந்தபடியே இருந்தார்.

"பதினெட்டு." மூச்சு வாங்க நிமிர்ந்தார். "பொண்ணு பிழைச்சுட்டா."

"கீழே விழுந்தா செல்லாதே?" என்றாள் நர்ஸ்.

"செல்லாதுதான். எனக்கு முட்டி இருக்கற வலிக்கு இன்னொரு தடவை குனிய முடியாது. செல்லும்னு வச்சுக்கோங்க."

நர்ஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். மனைவி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நர்ஸ் கேட்டாள்: "கண்ணைத் திறந்ததும் அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"தண்ணி கேட்டா, அக்கா" என்றான் அவன்.

நர்ஸ் தலையாட்டினாள். கிளம்பும்போது பார்க்க மறுபடி மனுஷி மாதிரி இருந்தாள்.

அவள் போனதும் அவன் வாசலில் செக்கரை நிறுத்தினான்.

"சார், விதின்னா எல்லாருக்கும் ஒண்ணு. என் பொண்டாட்டியோட இருபதுக்கு ஒரு நியாயம், உங்க முட்டி வலிக்கு ஒரு நியாயமா? அடுத்த வாரத்துலேருந்து நீங்க வர வேண்டாம்."

செக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நர்ஸ் போன தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சரி தம்பி," என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறினார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சொல்லிட்டேன்." பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். அலுப்புதான் கூடியது.

காகிதங்களை அடுக்கி, பகடைகளைப் பெட்டியில் போட்டான். ஒன்று குறைந்தது. அந்த மனுஷன் அதைக்கூட எடுத்து வைக்கவில்லை போலிருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே மேஜைக்கு அடியில் குனிந்தான்.

செக்கர் உட்கார்ந்த நாற்காலியின் கீழே, கால்மிதி மேல், விழுந்த இடத்திலேயே கிடந்தது பகடை.

மேல் முகத்தில் இருந்தது இரண்டு.